கொறங்காட்டில் வளர்வது என்ன? – மேய்ச்சல் நிலப் புல்பூண்டுகளை அறிதலும் கணக்கெடுத்தலும்

திருப்பூர் மாவட்டத்தின் காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பகுதிகளிலும், அவற்றை ஒட்டிய கரூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டப் பகுதிகளிலும் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்கள் உள்ளன. இவை ஊர்ப் பொது நிலங்கள் அல்ல. உழவர்களின் சொந்தப் பட்டா நிலங்கள். நான்கு புறமும் கிளுவை உயிர்வேலி, நடுவில் ஆங்காங்கே வெள்வேல மரங்கள், தரையில் கொழுக்கட்டைப் புல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே கொறங்காடு. மழை குறைந்த இந்தப் பகுதியில் காங்கேயம் மாடுகளும் செம்மறியாடுகளும் பெரும்பாலும் இந்நிலங்களை நம்பியே வளர்க்கப்படுகின்றன.

சோளத்தையோ நிலக்கடலையையோ பயிரிடும் உழவர் தம் நிலத்தில் நின்ற பயிர் எவ்வளவு, களை எவ்வளவு, விளைச்சல் எத்தனை மூட்டை என்று கணக்கு வைத்திருப்பார். அதே உழவரிடம் அவருடைய கொறங்காட்டில் எத்தனை வகைப் புல் உள்ளது, அதில் நல்ல புல் எத்தனை பங்கு என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. "மழை பெய்தால் பச்சையாகிவிடும்" என்ற அளவிலேயே பலரும் விட்டுவிடுகின்றனர். பச்சையாக இருப்பதெல்லாம் தீவனம் ஆகாது. மழை நன்றாகப் பெய்த ஆண்டிலும் மாடு மெலிவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். மேய்ச்சல் நிலத்தில் நல்ல புல் ஒரே ஆண்டில் அழிவதில்லை. ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைந்து, அந்த இடத்தை மற்றப் பூண்டுகள் பிடித்துக்கொள்கின்றன. இந்த மாற்றம் கண்பார்வைக்கு எளிதில் தெரியாது. செடிகளை இனம் பிரித்து எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். அவ்வாறு எண்ணிப் பார்க்கும் எளிய முறைகளை இக்கட்டுரையில் காணலாம். இதற்குப் பெருஞ்செலவோ விலை உயர்ந்த கருவிகளோ தேவையில்லை.

இனம் அறிதல் – எங்கே தொடங்குவது?

முதலில் புல்லையும் கோரையையும் பிரித்தறிய வேண்டும். தண்டை விரல்களுக்கு இடையே வைத்து உருட்டிப் பார்க்கவும். மூன்று பட்டையாக இருந்து உருளாமல் தடுத்தால் அது கோரை. உருண்டையாக, கணுக்களுடன் இருந்தால் அது புல். கோரையைப் புல்லோடு சேர்த்துக் கணக்கிட்டால் தீவனக் கணக்கு தவறிவிடும்.

அடுத்து, ஓராண்டுப் புல்லா பல்லாண்டுப் புல்லா என்று பார்க்க வேண்டும். ஓராண்டுப் புல் மழைக்கு முளைத்து, விதைத்து, காய்ந்து மடிந்துவிடும். இழுத்தால் வேருடன் எளிதில் வந்துவிடும். பல்லாண்டுப் புல் கெட்டியான தூருடன், முன் ஆண்டுகளின் காய்ந்த தாள்களைத் தூரில் வைத்திருக்கும்; இழுத்தால் எளிதில் வராது. கோடையில் தரைக்கு மேலே காய்ந்திருந்தாலும் தூரின் உட்புறத்தில் உயிர் இருக்கும். கோடை மழை ஒன்று பெய்தவுடன் முதலில் தளிர்ப்பது இதுதான். ஆகவே கொறங்காட்டின் முதலீடு பல்லாண்டுப் புல்லின் தூர்களே என்று சொல்லலாம். ஓராண்டுப் புல் அந்தந்த ஆண்டின் வரவு மட்டுமே.

மூன்றாவதாக, கதிரைப் பார்க்க வேண்டும். இலையை மட்டும் வைத்துப் புல்லை இனம் காண்பது பயிற்சி பெற்றவர்களுக்கும் கடினம். நல்ல மழைக்குப் பின் 30 முதல் 45 நாட்களில் பெரும்பாலான புற்கள் கதிர்விட்டிருக்கும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, கார்த்திகை மாதத்தின் பிற்பகுதி இதற்கு ஏற்ற காலம்.

கொறங்காட்டின் முக்கியப் புற்கள்

கொழுக்கட்டைப் புல்: பல்லாண்டுப் புல். தண்டின் அடிப்பகுதி சற்றுப் பருத்திருக்கும். கதிர் உருளை வடிவில், வைக்கோல் நிறத்திலோ ஊதா கலந்தோ இருக்கும். ஒவ்வொரு விதைக் கொத்தைச் சுற்றிலும் மெல்லிய மயிர்கள் போன்ற தூவிகள் உண்டு. உட்புறத் தூவிகளின் கீழ்ப்பகுதியில் இறகு போன்று நுண்மயிர்கள் இருக்கும். விதை உதிரும்போது தூவிகளும் சேர்ந்தே உதிரும். கதிரை உருவினால் கைக்கு மென்மையாக இருக்கும். இதனுடைய நெருங்கிய இனம் ஒன்றும் இப்பகுதியில் காணப்படுகிறது. அதில் நீண்ட தூவிகள் இல்லை. குட்டையான, தட்டையான முட்கள் அடியில் ஒன்றுசேர்ந்து சிறு கிண்ணம் போல் இருக்கும். இதுவும் நல்ல தீவனப் புல்லே.

முள் கொழுக்கட்டை வகை: இதுவும் அதே குடும்பத்து இனம்தான். ஆனால் ஓராண்டுப் புல். இதன் முட்கள் கூர்மையானவை. பின்னோக்கி வளைந்த நுண்ணிய கொக்கிகள் உடையவை. துணியிலும் ஆட்டு உரோமத்திலும் கவ்விக்கொள்ளும். முற்றிய கதிரை ஆடுமாடுகள் தவிர்க்கும்.

ஒட்டுப்புல்: வேலியோரத்திலும் மர நிழலிலும் மிகுதியாக வளரும் ஓராண்டுப் புல். இதன் கதிரும் உருளை வடிவில் தூவிகளுடன் இருப்பதால் கொழுக்கட்டை என்று தவறாகக் கருத இடமுண்டு. கதிரை அடியிலிருந்து நுனி நோக்கி உருவினால் விரலைப் பிடிக்கும். மேலும், விதை உதிர்ந்த பின்னும் தூவிகள் கதிர்த் தண்டிலேயே நிற்கும். கொழுக்கட்டையில் தூவிகள் தண்டில் நிற்பதில்லை. இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் தவறு நேராது.

காக்காய்க்கால் புல்: ஓராண்டுப் புல். ஒரே இடத்திலிருந்து பறவையின் விரல்கள் போல் பெரும்பாலும் நான்கைந்து குட்டைக் கதிர்கள் விரியும். ஒவ்வொரு கதிரின் நுனியும் விதையின்றிக் கூர்மையாக நீண்டிருப்பது இதன் அடையாளம். இளம் பருவத்தில் ஆடுமாடுகள் விரும்பி மேயும்.

அருகம்புல்: தரையோடு படர்ந்து கணுக்களில் வேர்விடும். கதிர் விரல்கள் மெலிந்திருக்கும்; நுனியில் கூர் நீட்டம் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்கு அருகிலும் தாழ்வான இடங்களிலும் மிகுதியாக இருக்கும்.

ஊசிப்புற்கள்: இப்பெயரில் இரண்டு வகைகளை மக்கள் குறிப்பிடுகின்றனர். ஒன்றில், விதையின் நீண்ட வால்கள் முற்றியதும் ஒன்றோடொன்று கயிறு போல் முறுக்கிக்கொள்ளும். மற்றொன்றில், ஒவ்வொரு விதையின் வாலும் மூன்றாகப் பிரிந்திருக்கும். கதிர்விடுவதற்கு முன் இவற்றை மேய்க்கலாம். முற்றிய விதை ஆட்டின் உரோமத்தில் நுழைந்து தோலைக் குத்தும். மூன்று வால் கொண்ட ஓராண்டு ஊசிப்புல் மிகுதியாகப் பெருகினால், நிலம் அளவுக்கு மீறி மேயப்பட்டுள்ளது என்று ஐயுற வேண்டும்.

பயறு வகைச் செடிகளும் பிற பூண்டுகளும்

புல்லோடு பயறு வகைச் செடிகள் கலந்திருந்தால் தீவனத்தில் புரதச்சத்து கூடும்; மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும். மூன்று மடலாகப் பிரிந்த சிற்றிலைகளும் மஞ்சள் பூவும் உடைய நரிப்பயறு தரையில் படரும் நல்ல தீவனம். செப்பு நெருஞ்சியை நெருஞ்சி முள்ளோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டும் தரையோடு படர்வன. நெருஞ்சியில் பூ மஞ்சள். காய் முள் உடையது. செப்பு நெருஞ்சியில் பூ சிவப்பு. காயில் முள் இல்லை. இது பயறு வகையைச் சேர்ந்தது. கொழுஞ்சியை அறிய எளிய வழி ஒன்று உண்டு. சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுத்தால் நேராகக் கிழியாமல் அம்பு முனை போன்ற வடிவில் பிரியும். கொழுஞ்சி மண்ணுக்கு நல்லது; பசுமையாக இருக்கும்போது மாடுகள் அதை விரும்பி உண்பதில்லை. எனவே கணக்கெடுக்கும்போது அதைத் தீவனத்தில் சேர்க்கக் கூடாது.

பார்த்தீனியம் இந்தியாவில் 1950களின் நடுவில் புனேயில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவிய களை. கேரட் இலை போல் பிளவுபட்ட இலைகளும் சிறு வெண்பூக்களும் கொண்டது. ஆடுமாடுகள் இதைத் தவிர்க்கும். வேறு வழியின்றி உண்டால் பாலில் கசப்பு ஏற்படும். இதைத் தொடுவதால் சிலருக்குத் தோல் அரிப்பும் உண்டாகும். ஆகையால் கையுறை இன்றிப் பிடுங்கக் கூடாது. பூப்பதற்கு முன்பே அகற்றிவிட வேண்டும்.

கிளுவை வேலியில் ஏறிப் படரும் கண்வலிக்கிழங்குக் கொடியையும் அறிந்திருத்தல் வேண்டும். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாக மாறியிருப்பது இதன் அடையாளம். கிழங்கு, விதை உள்பட செடி முழுவதும் நஞ்சு. மருந்துப் பயிராக இதற்கு மதிப்பு உண்டு என்றாலும், ஆடுமாடுகளுக்கு எட்டாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

மரக்கன்றுகளில் வெள்வேலையும் சீமைக் கருவேலையும் பிரித்தறிய வேண்டும். சீமைக் கருவேலில் ஓர் இலைக்காம்பிலிருந்து ஒன்று முதல் மூன்று இணைக் கிளைகளே பிரியும். நன்கு வளர்ந்த வெள்வேல் இலையில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட இணைகள் இருக்கும். சிற்றிலைகளும் மிகச் சிறியவை. வெள்வேல் கன்றைக் காக்க வேண்டும். சீமைக் கருவேலைக் கன்றாக இருக்கும்போதே வேருடன் பிடுங்க வேண்டும். வெட்டினால் மீண்டும் துளிர்க்கும்.

மாதிரிச் செடிகளைப் பாடம் செய்தல்

ஒரு செடிக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறுகிறது. "ஒட்டுப்புல்" என்ற ஒரே பெயரால் நான்கைந்து செடிகளைச் சுட்டுவதும் உண்டு. எனவே பெயரை மட்டும் எழுதி வைத்தால் போதாது. செடியையே உலர்த்தி வைக்க வேண்டும்.

வேர், இலை, கதிர் மூன்றும் உள்ள முழுச் செடியை எடுத்து மண்ணை உதறி, செய்தித்தாளின் மடிப்புக்குள் விரித்து வைக்கவும். நீளமான புல்லை வளைந்த கோடாக மடித்து வைக்கலாம். இவ்வாறு வைத்த தாள்களை அடுக்கி, இரு பலகைகளுக்கு இடையே வைத்து மேலே கல்லை ஏற்றவும். முதல் நான்கைந்து நாட்கள் நாள்தோறும் தாளை மாற்ற வேண்டும். இல்லையேல் பூசணம் பிடிக்கும். சுமார் 10 நாட்களில் செடி நன்கு உலர்ந்துவிடும். பின்னர் கெட்டி அட்டையில் நூலால் தைத்து, கீழ்க்கண்டவற்றை எழுதி ஒட்டவும்:

1. ஊரில் வழங்கும் பெயர்
2. எடுத்த நாள்
3. எடுத்த இடம் (வேலியோரம், மர நிழல், திறந்த வெளி, தொட்டியருகு)
4. மண் வகை
5. பூவின் நிறம் (உலர்ந்தால் மாறிவிடும்)
6. மாடு, செம்மறி, வெள்ளாடு ஆகியவற்றில் எது மேய்கிறது, எந்தப் பருவத்தில்

ஆறாவது குறிப்பு மிக முக்கியமானது. செடியின் பெயரைத் தாவரவியலார் சொல்லிவிடலாம். எந்தச் செடியை எந்தப் பருவத்தில் மாடு நாடுகிறது என்பதை நாள்தோறும் மேய்ப்பவரே நன்கு அறிவார். கைப்பேசி உள்ளவர்கள் ஒரு வெள்ளைத் தாளின் மேல் கதிரை வைத்துப் படம் எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது. ஆனால் படம் உலர்ந்த செடிக்கு ஈடாகாது.

தென்னிந்தியப் புற்களை ஆராய்வதில் கோயமுத்தூருக்கு நீண்ட மரபு உண்டு. கோவை வேளாண்மைக் கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளராக இருந்த ரங்காச்சாரியார், தென்னிந்தியப் புற்கள் பற்றிய கைநூலை 1921ஆம் ஆண்டில் வெளியிட்டார். கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் பழைய சென்னை மாகாணத்துச் செடிகள் உலர்ந்த மாதிரிகளாகப் பாதுகாக்கப்படுகின்றன. இனம் தெரியாத செடியைக் கதிருடன் உலர்த்தி, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ வேளாண் கல்லூரியிலோ காட்டி விளக்கம் பெறலாம்.

எனக்கு நேர்ந்த தவறு

பட்டமேற்படிப்பின்போது மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காடு ஒன்றில் கணக்கெடுக்கச் சென்றிருந்தேன். கதிர்விடும் முன்பே சென்றதால் இலையை வைத்தே குறித்துக்கொண்டு போனேன். வேலியோரம் முழுவதும் கொழுக்கட்டை என்று என் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். அங்கு ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி அதைக் கேட்டுச் சிரித்தார். வேலியில் சிக்கியிருந்த பழைய கதிர் ஒன்றை எடுத்துத் தம் சேலைத் தலைப்பில் வைத்து அழுத்தினார். அது கவ்விக்கொண்டது. "இது ஒட்டுப்புல்லு தம்பி. கொழுக்கட்டை இப்பிடிப் புடிக்காது. ஆடு இதை ஒதுக்கிட்டுப் போறதைப் பாக்கலையா?" என்றார். இரண்டு நாள் வேலை வீணாயிற்று. கதிர் வந்த பின் மீண்டும் சென்று எண்ணியபோது, அந்நிலத்தில் கொழுக்கட்டையின் பங்கு நான் முதலில் எழுதியதைவிடக் குறைவாகவே இருந்தது. முதல் கணக்கை நம்பி ஆடுகளின் எண்ணிக்கையைக் கூட்டும்படி அந்த உழவருக்கு யோசனை சொல்லியிருந்தால் இழப்பு அவருக்குத்தான் ஏற்பட்டிருக்கும். ஊரில் மேய்ச்சல் அறிந்த மூத்தவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டே கணக்கெடுக்க வேண்டும் என்பதை அன்று கற்றேன்.

கணக்கெடுக்கும் முறை – 1: காலடி முறை

எந்தச் செடி எத்தனை பங்கு என்று அறிய இம்முறை போதும். ஒருவர் நடக்க, மற்றொருவர் எழுத, அரை நாளில் நான்கு ஏக்கரை முடித்துவிடலாம்.

கொறங்காட்டின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நேராக நடக்க வேண்டும். ஐந்து அடி எடுத்து வைத்ததும் நின்று, வலது கால் பெருவிரலுக்கு முன்னால் ஒரு சைக்கிள் சக்கரக் கம்பியை நேராகத் தரையில் ஊன்றவும். கம்பியை இறக்கும்போது அது முதலில் தொடும் செடி எதுவோ அதன் பெயரில் ஒரு கோடு போடவும். எதையும் தொடாமல் மண்ணைத் தொட்டால் "வெறுந்தரை" என்று குறிக்கவும். இவ்வாறு குறுக்கும் மறுக்குமாக நடந்து 100 இடங்களில் குறித்தால், கிடைக்கும் எண்ணிக்கையே நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதைக் காட்டும். சிறு நிலமாயின் மூன்று அடிக்கு ஒரு முறை ஊன்றலாம்.

முள் இருக்கிறது என்று விலகி நடப்பதும், நல்ல புல்லைக் கண்டு அதன் மேல் காலை வைப்பதும் கூடாது. கால் எங்கே விழுகிறதோ அதுவே கணக்கு.

கணக்கெடுக்கும் முறை – 2: சட்டம் வைத்தல்

தீவனத்தின் எடையையும் தூர்களின் எண்ணிக்கையையும் அறிய இம்முறை தேவை. மூங்கில் அல்லது கம்பியால் உட்புறம் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இருக்குமாறு சதுரச் சட்டம் செய்துகொள்ளவும். நான்கு ஏக்கருக்கு 20 இடங்களிலாவது சட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டும்.

எந்த இடத்தில் வைப்பது? நாமே தேர்ந்தெடுத்தால் மனம் நல்ல இடத்தையே நாடும். ஆகவே ரூபாய் நோட்டில் அச்சிட்டுள்ள எண்ணைப் பயன்படுத்தலாம். கடைசி இரண்டு இலக்கம் 37 என்றால் படலிலிருந்து வேலியோரமாக 37 அடி நடந்து, அடுத்த நோட்டின் கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்து, அத்தனை அடி உள்ளே சென்று சட்டத்தை வைக்கவும். அடுத்த இடத்திற்கு மற்றொரு மூலையிலிருந்து தொடங்கவும். நான்கு மூலைகளிலிருந்தும் மாறி மாறி நடந்தால் நிலத்தின் எல்லாப் பகுதிகளும் இடம்பெறும். படலருகிலும் தொட்டியருகிலும் மிதிபட்ட இடம், மர நிழல் ஆகியவற்றில் விழும் சட்டங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சட்டத்திற்குள் ஆடுமாடு உண்ணும் செடிகளை மட்டும் தரையிலிருந்து 5 செ.மீ. விட்டு அறுத்து, துணிப்பையில் இட்டு, எடை மேலும் குறையாத நிலை வரும் வரை வெயிலில் உலர்த்தி நிறுக்கவும். எல்லாச் சட்டங்களின் சராசரி எடையைக் கிராமில் கண்டு 4ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு எத்தனை கிலோ உலர் தீவனம் என்று கிடைக்கும். ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர் ஆனதால் இக்கணக்கு பொருந்துகிறது.

எடுத்துக்காட்டாக, சராசரி 150 கிராம் என்று கொள்வோம். ஏக்கருக்கு 600 கிலோ. நான்கு ஏக்கருக்கு 2,400 கிலோ. இதில் பாதியை நிலத்திலேயே விட வேண்டும். அந்தப் பாதிதான் தூரைக் காத்து, விதையை உதிர்த்து, மண்ணை மூடி அடுத்த ஆண்டுக்கு உதவுவது. மீதி 1,200 கிலோ. 300 கிலோ எடையுள்ள மாட்டுக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 7 கிலோ உலர் தீவனம் தேவை. எனவே இது ஒரு மாட்டுக்கு ஏறத்தாழ 170 நாட்களுக்கும், இரண்டு மாடுகளுக்கு 85 நாட்களுக்கும் வரும். இடையில் மழை பெய்து தளிர்ப்பதும் வெள்வேல் காய்களும் இதில் சேரவில்லை. இக்கணக்கு கையில் இருந்தால், கோடைக்குச் சோளத்தட்டு எவ்வளவு சேர்த்து வைக்க வேண்டும் என்பதை மார்கழியிலேயே முடிவு செய்யலாம். சித்திரையில் தீவனம் இல்லாமல் வந்த விலைக்கு மாட்டை விற்கும் நிலையும் தவிர்க்கப்படும்.

எப்போது எடுப்பது?

ஆண்டுக்கு இரு முறை எடுப்பது நன்று. முதலாவது, கார்த்திகைக் கடைசியில், ஆடுமாடுகளை விடுவதற்கு முன். இப்போது செடிகளின் பங்கையும் தீவன எடையையும் கணக்கிடலாம். இரண்டாவது, பங்குனியில். அப்போது ஓராண்டுப் புற்கள் மறைந்திருக்கும். சட்டத்திற்குள் நிற்கும் பல்லாண்டுப் புல்லின் தூர்களை எண்ணவும். தூரை விலக்கிப் பார்த்து உள்ளே பசுமை இருந்தால் உயிருள்ளது என்றும், நொறுங்கினால் மடிந்தது என்றும் தனித்தனியே குறிக்கவும். விதையிலிருந்து புதிதாக வந்த சிறு தூர்களையும் தனியாக எழுத வேண்டும். பெருந்தூர்கள் இருந்தும் சிறு தூர்களே இல்லையெனில், புல் விதைக்கும் முன்பே மேயப்பட்டு வருகிறது என்று அறியலாம்.

ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில், அதே வழியில் நடந்து கணக்கெடுப்பது அவசியம். அந்த ஆண்டு பெய்த மழையின் அளவையும் உடன் எழுத வேண்டும். மழை குறைந்ததால் நேர்ந்த குறைவா, மேய்ச்சலால் நேர்ந்த குறைவா என்று பிரித்தறிய இது உதவும்.

கணக்கு சொல்லும் செய்தி

கீழே தரப்பட்டிருப்பது விளக்கத்திற்காகக் கூறப்படும் கணக்கு. ஒரு கொறங்காட்டில் காலடி முறையில் 100 இடங்களில் குறித்தது:

முதல் ஆண்டு: கொழுக்கட்டை 46, பிற பல்லாண்டுப் புற்கள் 9, ஓராண்டுப் புற்கள் 14, தீவனப் பயறு வகைகள் 8, உண்ணாத பூண்டுகள் 7, வெறுந்தரை 16.

மூன்றாம் ஆண்டு: கொழுக்கட்டை 29, பிற பல்லாண்டுப் புற்கள் 6, ஓராண்டுப் புற்கள் 27, தீவனப் பயறு வகைகள் 4, உண்ணாத பூண்டுகள் 13, வெறுந்தரை 21.

முதல் ஆண்டில் பச்சை மூடிய இடம் 84; மூன்றாம் ஆண்டில் 79. வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆனால் கொழுக்கட்டை 46லிருந்து 29ஆகக் குறைந்துவிட்டது. அந்த இடத்தை ஓராண்டுப் புற்களும் உண்ணாத பூண்டுகளும் பிடித்துள்ளன. மழை உள்ள வரை மாட்டுக்குக் குறை தெரியாது. தை, மாசியில் ஓராண்டுப் புல் காய்ந்து உதிர்ந்த பிறகே குறை வெளிப்படும். இரு ஆண்டுகளிலும் மழை ஏறக்குறைய சமமாக இருந்திருந்தால், இந்நிலத்தில் மேய்ச்சல் மிகுந்துவிட்டது என்று முடிவு செய்யலாம்.

கணக்கெடுத்த பின் செய்ய வேண்டியவை

கொழுக்கட்டைத் தூர்கள் போதிய அளவில் இருந்து சற்றே குறைந்து வந்தால், உழவோ விதைப்போ தேவையில்லை. ஓய்வு கொடுத்தால் போதும். நிலத்தை இரண்டு மூன்று பாகங்களாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பாகத்தை மழை தொடங்கியது முதல் கதிர் முற்றி விதை உதிரும் வரை மேய்க்காமல் விடவும். அடுத்த ஆண்டு மற்றொரு பாகத்தை விடவும்.

தூர்கள் மிகவும் குறைந்து வெறுந்தரை கூடியிருந்தால் மட்டும் அந்தப் பகுதியில் விதைக்கலாம். கொழுக்கட்டை விதைக்கு உறக்க காலம் உண்டு. எனவே அறுவடை செய்து 6 முதல் 8 மாதங்கள் ஆன விதையையே பயன்படுத்த வேண்டும். விதையை ஆழமாகப் புதைக்காமல் மேலாகத் தூவி, முள்கொத்து ஒன்றை இழுத்து மூடினால் போதும். முயல் மசாலையும் கலந்து விதைப்பது நன்று. நல்ல தூர்கள் நிற்கும் இடத்தையும் சேர்த்து உழுதுவிடக் கூடாது. புதிதாக விதைத்தது பிடிக்குமா என்பது மழையைப் பொறுத்தது. நிற்கும் தூர் ஏற்கெனவே பல கோடைகளைத் தாங்கியது.

உண்ணாத பூண்டுகள் கூடினால், எந்தப் பூண்டு என்று பார்த்து அதை மட்டும் விதைக்கும் முன் அகற்றவும். பொதுவாகக் களைக்கொல்லி தெளித்தால் நரிப்பயறு போன்ற நல்ல செடிகளும் அழிந்துவிடும்.

கொறங்காட்டை முன்னோர் உருவாக்கி, எழுத்தில் இல்லாவிடினும் மனக்கணக்கில் காத்து வந்தனர். எந்த மாதத்தில் எந்தப் புல்லை மாடு தேடும் என்பது மேய்ப்பவர்களுக்குப் பாடமாகத் தெரிந்திருந்தது. அந்த அறிவு உடைய முதியவர்கள் குறைந்து வருகின்றனர். உழவர் பெருமக்கள் வரும் கார்த்திகையில் ஒரு நாளை ஒதுக்கி, வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரையும் பள்ளி செல்லும் பிள்ளை ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு தங்கள் கொறங்காட்டைக் கணக்கெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பெரியவர் பெயர் சொல்ல, பிள்ளை எழுதட்டும். 80 பக்க நோட்டு ஒன்று பல ஆண்டுகளுக்குப் போதும். பட்டா, வரி ரசீது ஆகியவற்றோடு அந்த நோட்டையும் பத்திரமாக வைத்திருந்தால், நிலம் வளர்கிறதா தேய்கிறதா என்பதை ஆண்டுதோறும் அறிந்து, காலத்தில் தக்க நடவடிக்கை எடுத்துப் பயன்பெறலாம்.